விண்மீன் மண்டலக் கொத்துகளின் வாயுவை வைத்து அண்ட விரிவைச் சோதிப்பது: முழுமையான வழிகாட்டி

அண்டத்தில் சடப்பொருள் எவ்வளவு, விரிவை வேகப்படுத்தும் இருண்ட சக்தி மாறாமல் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் ஒரு பழைய மடிகணினியிலேயே சோதித்துப் பார்க்கலாம். பேராதனையிலோ பதுளையிலோ பௌதிகவியல் படிப்பவர்கள் செய்யலாம். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உயர்தரத்தில் இணைந்த கணிதம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்களும் செய்யலாம். தொலைநோக்கி தேவையில்லை. கொத்துகளின் சூடான வாயு வெளிவிடும் எக்ஸ் கதிர் வளிமண்டலத்தைக் கடந்து வராது. 2524 மீட்டர் உயரமான பிதுருதலாகலை உச்சிக்கே ஏறினாலும் கிடைக்காது. விண்வெளியில் இருக்கும் சந்திரா தொலைநோக்கி எடுத்து, ஆய்வாளர்கள் பிரசுரித்துவிட்ட அளவீடுகளே நம் மூலப்பொருள்.

ஈர்ப்பால் பிணைந்த விண்மீன் மண்டலக் கூட்டங்களே கொத்துகள். அவற்றை வைத்து விரிவைச் சோதிக்கப் பல வழிகள் உண்டு. இங்கே எடுத்துக்கொள்வது வாயுப் பங்கு முறை. ஒரு பெரிய கொத்து அண்டத்தின் மிகப் பரந்த பகுதியிலிருந்து சடப்பொருளைச் சேர்த்துக்கொண்டது. ஆகவே அதில் சூடான வாயு மொத்தத் திணிவில் எத்தனை பங்கோ, அது எல்லாக் காலத்திலும் ஏறக்குறைய ஒரே அளவாகவே இருக்க வேண்டும். அந்தப் பங்கைக் கணிக்கத் தூரம் தேவை. தூரத்தைத் தவறான விரிவு மாதிரியில் எடுத்தால், தொலைவிலுள்ள கொத்துகளில் பங்கு ஏறுவது போலவோ இறங்குவது போலவோ தெரியும். அந்தச் சாய்வுதான் சோதனை.

ஒன்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். பிரசுரமான அட்டவணையில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் ஏற்கெனவே ஒரு விரிவு மாதிரி புகுந்திருக்கிறது. அதை வெளியே எடுக்காமல் பொருத்தினால், ஆய்வாளர்கள் கணக்கு வசதிக்காக வைத்த மாதிரியே உங்கள் "முடிவாக" திரும்பி வரும். புதிதாகச் செய்வோரில் பெரும்பாலானோர் விழுவது இந்தக் குழியில்தான். கீழுள்ள படிகளின் வரிசையும் அதை வைத்தே அமைந்தது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

4 ஜிபி நினைவகம் உள்ள கணினி போதும். பைத்தன் நிரல்மொழியையும் அதன் நூலகங்களான நம்பை, அஸ்ட்ரோபை, எம்சீ, மேட்பிளாட்லிப் ஆகியவற்றையும் நிறுவிக்கொள்ளுங்கள். சிக்னல் சீராக உள்ள ஓர் இடத்தில் இருந்து ஒரே தடவையில் இறக்குங்கள். பாதியில் அறுந்த நிறுவல் பிறகு புரியாத வழுக்களைத் தரும்.

சந்திராவின் மூலத் தரவை இப்போது இறக்க வேண்டாம். ஒரு கொத்துக்கே நூற்றுக்கணக்கான மெகாபைட் முதல் பல ஜிபி வரை போகும். அதைப் பதப்படுத்தும் சியாவோ மென்பொருளும் அளவுத்திருத்தக் கோப்புகளும் தனியே பல ஜிபி. விண்டோஸில் அது நேரடியாக ஓடாது, உள்ளே லினக்ஸ் வைக்க வேண்டும். டேட்டா காட் தீர்ந்ததுதான் மிச்சம் என்று ஆகிவிடும். பிரசுரமான வாயுப் பங்கு அட்டவணையோ சில கிலோபைட்தான்.

அட்டவணைக்கு நல்ல தொடக்கம், ஏடம் மான்ட்ஸ் குழுவினர் 2014 இல் வெளியிட்ட 40 கொத்துகளின் தொகுப்பு. ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துவைக்கும் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். செம்பெயர்ச்சி (அண்ட விரிவால் ஒளி சிவப்பை நோக்கி நகர்ந்த அளவு; கூடினால் தொலைவும் கூடும்) 0.078 இலிருந்து 1.063 வரை பரந்திருக்கிறது.

கணிதத்தில் வேண்டியது தொகையீடும் நியம விலகலும். பொதுச் சார்பியல் தெரியாமலேயே இந்த வேலையை முடிக்கலாம்.

2. தரவைத் திறக்குமுன் தூரக் கணக்கை எழுதிச் சரிபாருங்கள்

தரவு கையில் இருந்தால் உடனே பொருத்திப் பார்க்கத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். தூரக் கணக்கில் பிழை இருந்தால் பின்னால் வரும் எல்லாமே பிழை. ஆனால் வரைபு மட்டும் அழகாகவே இருக்கும்.

மூன்று மாதிரிகளுக்குத் தூரம் தரும் சிறு நிரல் எழுதுங்கள். முதலாவது, சடப்பொருள் பங்கு 0.3, இருண்ட சக்தி 0.7, அதன் நிலைச் சமன்பாட்டு எண் (இருண்ட சக்தியின் அழுக்கத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம்; −1 என்றால் அது மாறாமல் இருக்கிறது) −1. இரண்டாவதில் பங்குகள் அதேதான், நிலைச் சமன்பாட்டு எண் மட்டும் −0.8. மூன்றாவதில் இருண்ட சக்தியே இல்லை, முழுக்கச் சடப்பொருள். இன்றைய விரிவு வீதமான ஹபிள் மாறிலியை மூன்றிலும் 70 (செக்கனுக்கு கிலோமீட்டர், ஒரு மெகாபார்செக்குக்கு) என்று வையுங்கள்.

முதல் மாதிரியில் செம்பெயர்ச்சி 0.5 இல் கோணவிட்டத் தூரம் (பொருளின் உண்மை அளவை அதன் கோண அளவால் வகுத்தது) சுமார் 1259 மெகாபார்செக் வர வேண்டும். செம்பெயர்ச்சி 1 இல் சுமார் 1652. மூன்றாவது மாதிரியில் இவை முறையே 1048, 1254. ஒன்றிரண்டு அலகு பிசகலாம். பத்து பிசகினால் நிரலில் ஏதோ இருக்கிறது. செம்பெயர்ச்சி 1 இல் 3304 வந்தால் நீங்கள் எடுத்தது இணைநகர் தூரம் (விரிவை நீக்கிய தூரம்). 6608 வந்தால் ஒளிர்வுத் தூரம் (பிரகாசம் மங்குவதிலிருந்து வரும் தூரம்).

அஸ்ட்ரோபை இந்த எண்களை ஒரே வரியில் தரும். ஆனாலும் சிம்சன் விதியால் நீங்களே ஒருமுறை தொகையீடு செய்து ஒப்பிடுங்கள். 8 ஆம் படியில் கணினி இந்தத் தூரத்தை லட்சக்கணக்கான தடவை கணிக்கப் போகிறது. அங்கே அஸ்ட்ரோபையை ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டால் பழைய கணினி திணறும். நம்பையில் எழுதிய சொந்தத் தொகையீடு பல மடங்கு வேகம்.

3. எந்தக் கொத்துகள் ஏற்கத்தக்கவை

மொத்தத் திணிவை எக்ஸ் கதிரிலிருந்து கணிக்கும்போது, வாயுவின் அழுக்கமும் ஈர்ப்பும் சமநிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். மோதிக்கொண்டிருக்கும் கொத்தில் அது பொருந்தாது. புல்லட் கொத்து படத்தில் கண்ணைப் பறிக்கும், இந்தச் சோதனைக்கு உதவாது. மிக அருகிலிருக்கும் கோமா கொத்தும் அமைதியானதல்ல. ஏபெல் 2029 போல வட்டமாக, நடுவில் கூர்மையாகப் பிரகாசிக்கும், சமபிரகாசக் கோடுகள் ஒரே மையத்தைச் சுற்றியிருக்கும் கொத்துகளே வேண்டும்.

வெப்பநிலை 5 கிலோ இலத்திரன் வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. சிறிய கொத்துகளின் ஈர்ப்பு பலவீனமானது. நடுவிலுள்ள கருந்துளையின் வெடிப்புகள் வாயுவை வெளியே தள்ளிவிடும். அப்போது வாயுப் பங்கு குறைவது விரிவாலா வெடிப்பாலா என்று பிரித்தறிய முடியாது.

2014 தொகுப்பில் இந்தத் தேர்வைச் செய்தே தந்திருக்கிறார்கள். வேறு அட்டவணைகளிலிருந்து நான்கைந்து கொத்துகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டலாம் என்று பலருக்கு ஆசை வரும். வேண்டாம். வேறு ஆரை, வேறு கருவி, வேறு தேர்வு விதி என்று எல்லாம் கலந்துவிடும். ஒரே விதமாக அளந்த 40, பல விதமாக அளந்த 100 ஐவிட மேல்.

4. அட்டவணையின் அடிக்குறிப்பை வாசியுங்கள்

எண்களைத் தட்டச்சு செய்யுமுன் மூன்று விடயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, குறிப்பு மாதிரி என்ன? இந்தத் தொகுப்பில் ஹபிள் மாறிலி 70, சடப்பொருள் பங்கு 0.3, இருண்ட சக்தி 0.7.

இரண்டாவது, எந்த ஆரையில் அளந்தார்கள்? சராசரி அடர்த்தி அண்டத்தின் மாறுநிலை அடர்த்தியை (தட்டையான அண்டத்துக்கு வேண்டிய சராசரி அடர்த்தியை)ப்போல 2500 மடங்காக இருக்கும் ஆரையை "2500 ஆரை" என்பார்கள். அதன் 0.8 மடங்குக்கும் 1.2 மடங்குக்கும் இடையிலுள்ள ஓட்டில் மட்டுமே இங்கே வாயுப் பங்கு எடுக்கப்பட்டிருக்கிறது. அதைவிட உள்ளே போனால் மையத்துக் குளிர்ச்சியும் கருந்துளையின் குழப்பமும். வெளியே போனால் எக்ஸ் கதிர் பின்னணியோடு கலந்து மங்கிவிடும். மற்ற அட்டவணைகளில் மையத்திலிருந்து கூட்டிய பங்கு இருக்கலாம், 500 ஆரையில் எடுத்திருக்கலாம். பெயர் ஒன்றுதான், அளவு வேறு.

மூன்றாவது, தரப்பட்ட வழு எதை உள்ளடக்குகிறது? அளவீட்டு வழு ஒன்று. கொத்துக்குக் கொத்து இயல்பாகவே இருக்கும் சிதறல் இன்னொன்று. அது இந்தத் தொகுப்பில் சுமார் 7 விழுக்காடு. அட்டவணையில் இருப்பது முதலாவது மட்டுமே.

5. குறிப்பு மாதிரியைக் கழற்றுங்கள்

வேலையின் உயிர்நாடி இந்தப் படி. மடுவத்தில் கொழுந்தை நிறுத்துவிட்டுச் சாக்கின் எடையைக் கழிப்பது போல, அளவீட்டோடு சேர்ந்து வந்த மாதிரியைக் கழிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பதற்குப் பௌதிகவியல் திட்டமான விடை வைத்திருக்கிறது.

வாயுவின் திணிவு, எக்ஸ் கதிர்ப் பிரகாசத்திலிருந்து வருகிறது. அது ஒளிர்வுத் தூரத்தையும் கோணவிட்டத் தூரத்தின் 1.5 ஆம் அடுக்கையும் பெருக்கியது போல மாறும். மொத்தத் திணிவு வெப்பநிலையிலிருந்தும் ஆரையிலிருந்தும் வருவதால் கோணவிட்டத் தூரத்தின் முதலாம் அடுக்குப்படி மாறும். ஒன்றை மற்றதால் வகுத்தால், குறித்த ஒரு செம்பெயர்ச்சியில் வாயுப் பங்கு தூரத்தின் 1.5 ஆம் அடுக்குப்படி மாறும் என்று கிடைக்கிறது.

ஆகவே சோதிக்கும் மாதிரி உண்மையானால், அட்டவணையில் தெரிய வேண்டிய பங்கு இதுதான்: ஒரு மாறிலியை எடுத்து, குறிப்புத் தூரத்தைச் சோதிக்கும் மாதிரியின் தூரத்தால் வகுத்து வரும் எண்ணின் 1.5 ஆம் அடுக்கால் பெருக்குங்கள். தரவை மாற்றாதீர்கள். மாதிரியின் எதிர்வுகூறலையே அட்டவணையின் மொழிக்குக் கொண்டுவாருங்கள். தரவை ஒவ்வொரு மாதிரிக்கும் மாற்றினால் வழுக்களையும் கூடவே மாற்ற வேண்டும். அதை மறப்பவர்களே அதிகம்.

வகுப்பதைத் தலைகீழாகச் செய்வது அடிக்கடி நடக்கும். இருண்ட சக்தியே இல்லாத மாதிரியில் இந்தப் பெருக்கம் செம்பெயர்ச்சி 0.1 இல் சுமார் 1.08, 0.5 இல் 1.32, 1 இல் 1.51 என்று ஏற வேண்டும். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் தலைகீழ். விகிதம் எடுப்பதால் இணைநகர் தூரத்தையோ ஒளிர்வுத் தூரத்தையோ தவறிப் போட்டாலும் விடை மாறாது. செம்பெயர்ச்சிக் காரணிகள் மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் போகும். அடுத்த திருத்தமும் விகிதமே என்பதால் அந்தப் பிழை அங்கேயும் ஒளிந்துகொள்ளும்; அதை 2 ஆம் படியிலேயே பிடிக்க வேண்டும்.

அந்தத் திருத்தம் ஆரைக்கானது. மாதிரி மாறினால் 2500 ஆரையின் கோண அளவும் மாறும், அளவெடுத்த ஓடு சற்றே இடம் பெயரும். ஹபிள் வீதத்தையும் (அந்தச் செம்பெயர்ச்சியில் இருந்த விரிவு வீதத்தையும்) கோணவிட்டத் தூரத்தையும் பெருக்கி, அதே பெருக்கத்தின் குறிப்பு மதிப்பால் வகுத்து, 0.442 ஆம் அடுக்கை எடுத்துப் பெருக்குங்கள். நிலைச் சமன்பாட்டு எண் −0.8 ஆன மாதிரியில் செம்பெயர்ச்சி 1 இல் இது அரை விழுக்காடுதான். இருண்ட சக்தி இல்லாத மாதிரியிலோ 9 விழுக்காடு. எழுதிவைத்துவிடுங்கள், எப்படியும் ஒரே வரி.

இப்போது −1 க்கும் −0.8 க்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். ஆரைத் திருத்தம் நீங்கலாக, செம்பெயர்ச்சி 0.1 இல் 1.4 விழுக்காடு, 0.5 இல் 5 விழுக்காடு, 1 இல் 6.6 விழுக்காடு. மாறிலி எவ்வளவு என்று தெரியாததால் எல்லாக் கொத்துக்கும் பொதுவான ஏற்றம் அதற்குள் கரைந்துவிடும். மிஞ்சுவது 1.4 க்கும் 6.6 க்கும் இடைப்பட்ட சாய்வு, ஏறக்குறைய 5 விழுக்காடு. ஒரு கொத்தின் இயல்புச் சிதறலே 7 விழுக்காடு என்றிருக்க, ஓரிரு கொத்துகளைக் காட்டி எதையும் சொல்ல முடியாது. 40 கொத்துகளின் சராசரியில் அந்தச் சிதறல் 1.1 விழுக்காட்டுக்குக் குறையும். அப்போதுதான் பேசலாம்.

6. போலித் தரவில் ஓட்டிப் பாருங்கள்

உண்மைத் தரவைப் பொருத்துமுன், விடை தெரிந்த தரவை நீங்களே உருவாக்குங்கள். அட்டவணையிலுள்ள செம்பெயர்ச்சிகளையே எடுத்து, சடப்பொருள் பங்கு 0.3, நிலைச் சமன்பாட்டு எண் −1 என்று வைத்து வாயுப் பங்கைக் கணியுங்கள். 7 விழுக்காடு இயல்புச் சிதறலையும் 10 விழுக்காடு அளவீட்டு வழுவையும் எழுமாறாகச் சேர்த்துவிடுங்கள்.

இப்படி 20 தொகுதிகள் செய்து ஒவ்வொன்றையும் 8 ஆம் படியில் சொல்லும் முறையில் பொருத்துங்கள். 68 விழுக்காடு எல்லைக்குள் உண்மையான விடை 13, 14 தடவை விழ வேண்டும். 20 தடவையும் விழுந்தால் வழுவை ஊதிவிட்டீர்கள். ஐந்தாறு தடவை மட்டுமே விழுந்தால் இயல்புச் சிதறலை எங்கோ விட்டுவிட்டீர்கள்.

பிறகு ஒரு தொகுதியை வேறு மாதிரியில், −0.7 என்று வைத்து உருவாக்குங்கள். நிரல் அப்போதும் −1 பக்கமே சாய்ந்தால் 5 ஆம் படி வேலை செய்யவில்லை, குறிப்பு மாதிரி உள்ளேயே கிடக்கிறது. உண்மைத் தரவில் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது. விடை "எதிர்பார்த்தபடி" வந்து நிற்கும்.

7. முன்னறிவு எல்லைகளை எழுதிப் பூட்டுங்கள்

முன்னறிவு எல்லை என்பது, தரவைப் பார்க்குமுன் ஓர் எண் எந்த வீச்சுக்குள் இருக்கலாம் என்று நீங்கள் வைப்பது. முதல் ஓட்டத்தில் 5 ஆம் படியின் மாறிலியை முழுச் சுதந்திரமாக விடுங்கள். சாய்வு மட்டுமே பேசட்டும். ஹபிள் மாறிலியும் இந்த மாறிலிக்குள் கரைந்துவிடும். ஆகவே சாய்விலிருந்து ஹபிள் மாறிலி கிடைக்காது, தேடாதீர்கள்.

இரண்டாம் ஓட்டத்தில் மாறிலியைப் பிரித்தெழுதுங்கள். அண்டத்தின் பேரியன் (அணுக்களாலான சாதாரணப் பொருள்) பங்கைச் சடப்பொருள் பங்கால் வகுத்தது ஒன்று. கொத்துக்குள் வாயு எவ்வளவு குறைந்திருக்கும் என்ற காரணி இன்னொன்று. கணினி உருவகங்களின்படி சுமார் 0.85, பத்தில் ஒரு பங்கு கூடக்குறைய. மூன்றாவது திணிவு அளவுத்திருத்தம். எக்ஸ் கதிர்த் திணிவை ஈர்ப்பு வில்லை முறையில் (கொத்தின் ஈர்ப்பு பின்னாலுள்ள ஒளியை வளைக்கும் அளவிலிருந்து) எடுத்த திணிவோடு ஒப்பிட்டு 0.90, வழு 0.09 என்று 2014 வேலையில் வைத்தார்கள். இந்த வழு முடிவில் பெரும் பங்கு வகிக்கிறது. அதை 0.01 ஆகச் சுருக்கிவிட்டு "துல்லியமான" விடை வந்ததாக மகிழ வேண்டாம்.

அருகிலுள்ள கொத்துகளிலிருந்து அந்தக் குழுவுக்குக் கிடைத்த எண் 0.089, வழு 0.012. அது, 100 ஆல் வகுத்த ஹபிள் மாறிலியின் 1.5 ஆம் அடுக்கைப் பேரியன், சடப்பொருள் விகிதத்தால் பெருக்கியது. பேரியன் அடர்த்தி 0.0224 என்று வைத்தால் ஹபிள் மாறிலி 67.4 க்குச் சடப்பொருள் பங்கு 0.31 அளவிலும், 73 க்கு 0.29 அளவிலும் வரும். ஹபிள் மாறிலி 67 பக்கமா 73 பக்கமா என்று நடக்கும் பெரிய தகராறு இந்தச் சோதனையை அவ்வளவாக அசைப்பதில்லை; இந்த முறையை விரும்ப அதுவும் ஒரு காரணம்.

எல்லைகளைத் திகதியிட்டு எழுதிவையுங்கள். முடிவைப் பார்த்த பிறகு எல்லையை நகர்த்தினால் அதன் பெயர் சோதனை இல்லை.

8. ஓட்டுதல்

எம்சீ, அறியாக்கணியங்களின் சாத்தியமான மதிப்புகளிடையே பல "நடையர்களை" எழுமாறாக நடக்கவிட்டுத் தேடும் நூலகம். அதில் 32 நடையர்கள், 5000 அடிகள் போதுமான தொடக்கம். 1,60,000 தடவை நிகழ்தகவு கணிக்கப்படும். 2 ஆம் படியில் சொந்தத் தொகையீடு எழுதச் சொன்னது இதற்காகத்தான். வாயுப் பங்கின் மடக்கையில் பொருத்துங்கள், இயல்புச் சிதறலையும் ஓர் அறியாக்கணியமாக விடுங்கள். சிதறலைச் சேர்க்கும்போது நிகழ்தகவிலுள்ள இயல்பாக்கும் உறுப்பையும் சேர்க்க வேண்டும். அதை விட்டால் சிதறல் எல்லையில்லாமல் வளர்ந்து எல்லா மாதிரியும் பொருந்திவிடும்.

ஒவ்வொரு அடியும் கோப்பில் பதியும்படி எம்சீயின் எச்டிஎஃப் கோப்புச் சேமிப்பைப் போட்டுவிடுங்கள். சித்திரை, ஐப்பசி மாதங்களில் மலைநாட்டில் பின்னேர இடிமழை தொடங்கினால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சேமித்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தன்தொடர்புக் காலத்தை (நடையர் பழைய இடத்தை மறக்க எடுக்கும் அடிகளின் எண்ணிக்கையை)ப்போல 50 மடங்கு நீளம் ஓடியதா என்று பாருங்கள். ஓடாவிட்டால் நீட்டுங்கள்.

9. வந்த எண்ணை எப்படி எடைபோடுவது

ஒப்பிட ஓர் அளவுகோல்: தட்டையான அண்டம், மாறாத நிலைச் சமன்பாட்டு எண் என்று வைத்து இந்த 40 கொத்துகளிலிருந்து அந்த எண்ணுக்குப் பிரசுரமான விடை −0.98, வழு 0.26. அருகிலுள்ள கொத்துகளை மட்டும் வைத்துக் கிடைத்த சடப்பொருள் பங்கு 0.27, வழு 0.04. நிலைச் சமன்பாட்டு எண்ணுக்கு உங்களுக்கு வழு 0.05 என்று வந்தால் மகிழ்ச்சிக்குப் பதில் சந்தேகம் வரட்டும்.

அடுத்து, தொகுப்பைச் செம்பெயர்ச்சி 0.3 இல் இரண்டாக வெட்டித் தனித்தனியே மாறிலியைப் பாருங்கள். பின் ஒவ்வொரு கொத்தாக நீக்கி ஓட்டுங்கள். ஒரே ஒரு கொத்தை நீக்கியதும் விடை ஒரு நியம விலகல் நகர்ந்தால், பிரச்சினை அந்தக் கொத்திலா என்று மூலக் கட்டுரையில் தேடுங்கள். தொலைவில் கொத்துகள் சிலவே இருப்பதால் ஆபத்து அங்கேதான் அதிகம்.

கருவியையும் மறக்காதீர்கள். சந்திரா தரும் வெப்பநிலை, எக்ஸ்எம்எம் நியூட்டன் என்ற இன்னொரு எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி தருவதைவிட மிகச் சூடான கொத்துகளில் 20 விழுக்காடு அளவுக்குக் கூடலாம். வெப்பநிலை கூடினால் மொத்தத் திணிவு கூடும், வாயுப் பங்கு குறையும். எல்லாக் கொத்தும் ஒரே அளவு பாதிக்கப்பட்டால் மாறிலி அதை விழுங்கிவிடும். ஆனால் தொகுப்பில் தொலைவிலுள்ளவை சூடானவையாகவும் இருந்தால் அது சாய்வாகவே தெரியும். வெப்பநிலைக்கு எதிரே மிச்சங்களை (தரவுக்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசங்களை) வரைந்து பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பலர் செம்பெயர்ச்சிக்கு எதிரே மட்டும் வரைந்துவிட்டு நிறுத்துகிறார்கள்.

காலத்தோடு மாறும் இருண்ட சக்தியைச் சோதிக்க இரண்டு எண்கள் வேண்டும். 40 கொத்துகள் தனியே அதைத் தாங்காது. எல்லைகள் நீங்கள் போட்ட முன்னறிவு எல்லைகளாகவே வந்து நிற்கும். சுப்பர்நோவாத் தரவோடு சேர்த்தால் மட்டும் முயன்று பாருங்கள். கொத்துகளை எண்ணிச் சோதிக்கும் முறைக்கு ஈரோசிட்டா என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி கண்ட பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கொத்துகள் பகிரங்கமாக இருக்கின்றன. ஆனால் அங்கே தேர்வு விதியும் திணிவு அளவுத்திருத்தமும் முழு வேலையையும் விழுங்கிவிடும். அதற்கு முன்பாக ஏபெல் 2029 இன் மூலத் தரவை மட்டும் இறக்கி, அட்டவணையிலுள்ள அதன் வாயுப் பங்கை நீங்களே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். 1 ஆம் படியில் தள்ளிவைத்த பல ஜிபி செலவு இப்போது தகும்.